பத்துச் சதத் தாளில் ஏழாவது பெயர்

உருத்திரமூர்த்தியின் பத்துச் சதத் தாளைத் தொட வீட்டில் ஒருவருக்கும் அனுமதி இல்லை. இரண்டாம் உலகப் போர் நேரம், சில்லறை அடிக்க உலோகம் தட்டுப்பாடானதால் இலங்கையில் அவசரத்துக்கு அச்சிட்ட சின்னத் தாள் அது. அதன் பின்பக்கத்தில் திருகோணமலை முகாமிலிருந்த ஆறு விமானப்படைக்காரர் கையெழுத்து வைத்திருந்தார்கள். ஒன்றாகப் பறந்தவர்கள் நினைவுக்காக இப்படித் தாளில் ஒப்பமிடுவது அந்தக் காலத்து வழக்கம். மனுசன் கையுறை போட்டுத்தான் அதைத் தூக்குவார். பெற்ற பிள்ளையைக்கூட இவ்வளவு பக்குவமாகத் தூக்கியதில்லை என்று மனைவி ஞானேஸ்வரி சொல்வதுண்டு.

அந்த ஆறு பேரையும் கணினியில் தேடித் தேடிக் கண்டுபிடித்திருந்தார். யார் எந்த ஊர், யாருடைய விமானம் எந்தக் கடலில் விழுந்தது, எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். சாப்பாட்டு மேசையிலும் அந்தக் கதைதான். நாலாவது பெயர்க்காரன் சாகும்போது வயது பத்தொன்பது என்று சொல்லும்போதெல்லாம் அவருக்குக் கண் கலங்கும். ஞானேஸ்வரி குழம்பை ஊற்றுவாள்.

அவளுக்கும் ஒரு தம்பி இருந்தான், குகநாதன். இயக்கத்துக்குப் போனவன். ஈழப் போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பித்த நேரம், வீட்டிலிருந்த அவனுடைய ஒரே படத்தை உருத்திரமூர்த்தி குசினி அடுப்பில் வைத்துக் கொளுத்தினார். "பாஸ்போர்ட் கைக்கு வரட்டும், பிறகு அவனைப் பற்றிக் கதைப்பம்" என்றார். பாஸ்போர்ட் வந்து இரண்டு வருசமாகியும் அவர் வாய் திறக்கவில்லை. கெட்ட மனுசன் என்று சொல்ல மாட்டேன். பயந்தாங்கொள்ளி, அதைக் கெட்டித்தனம் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

அவர்கள் இருந்த வில் என்ற சுவிஸ் நகரத்தில், பழைய நாணயம் சேர்ப்பவர்களின் சங்கம் பதினான்கு வருசம் அவரைப் பின்வரிசையில் இருத்திவிட்டு, 2013இல் ஒரு சனிக்கிழமை பேசக் கூப்பிட்டது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. காலையிலேயே போய் முடி வெட்டி, டை கட்டிப் புறப்பட்டார். ஞானேஸ்வரி வந்தவர்கள் கடிக்க எண்பது ரோல்ஸ் பொரித்து எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள்.

சங்கத் தலைவர் பிரன்னர் தாளைப் படங்காட்டும் கருவிக்கு அடியில் வைத்ததும் அது சுவர் முழுக்கப் பெரிதாக விழுந்தது. ஆறு கையெழுத்துகள். அவற்றுக்குக் கீழே, நீலப் பேனையில், தமிழில் ஏழாவதாக ஒன்று: குகநாதன்.

உருத்திரமூர்த்தி சுவருக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். அவர் முடி வெட்டப் போன நேரத்தில், வீட்டில் ஞானேஸ்வரி மட்டும்தான் இருந்தாள்.

"இவர் யார்?" என்று பிரன்னர் கேட்டார்.

நாற்பது சுவிஸ்காரரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினான்கு வருசம் காத்திருந்து கிடைத்த மரியாதை கையை விட்டுப் போகப் பார்த்தது. "தெரியாது" என்றார் டொச்சில், அந்த ஊர் ஜெர்மன் மொழியில். "யாரோ பிறகு கிறுக்கியிருக்கிறார்கள்."

"அநியாயம். மருந்து போட்டு அழிக்கலாம்" என்றார் பிரன்னர்.

"ஆமாம், அழித்துவிடலாம்" என்று உருத்திரமூர்த்தி தலையாட்டினார்.

சுவரோரம் நின்ற ஞானேஸ்வரி ரோல்ஸ் தட்டை மேசையில் வைத்தாள். முதியோர் இல்லத்தில் இருபது வருசம் வேலை செய்து பழகிய டொச் அவளுடையது. கூட்டத்தில் அதுவரை வாய் திறந்தவள் இல்லை.

"அது என் தம்பி" என்றாள். "நான்தான் எழுதினேன். அவனுடைய பெயர் வேறு ஓர் இடத்திலும் இல்லை."

பிரன்னர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உருத்திரமூர்த்தியின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு இவரைத் தெரியுமா?"

உருத்திரமூர்த்தி மனைவியின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் சுவரைப் பார்த்தே சொன்னார்.

"தெரியும். எங்கடை கலியாணத்தில மாப்பிள்ளைத் தோழன். என்ரை காலைக் கழுவி மணவறைக்குக் கூட்டிக்கொண்டு போனவன். நான் அவனுக்கு மோதிரம் போட்டனான்."

அது தமிழில் வந்துவிட்டது அவருக்கே தெரியவில்லை. பிரன்னர் ஒன்றும் விளங்காமல் விழித்தார்.

"டொச்சில சொல்லுங்கோ" என்றாள் ஞானேஸ்வரி.