விரலளவு ஸ்பேனர்

விமானம் பழுதுபார்க்கும் கூடத்தில் என் மகள் விரலளவு ஸ்பேனர் ஒன்றைத் தொலைத்தாள். உடனே அவளே போய்ச் சொல்லி, புறப்படவிருந்த விமானத்தை நிறுத்தினாள். ஸ்பேனர் அதன் எஞ்சினுக்குள் கிடந்தது. தொலைத்த குற்றத்துக்காக அந்த மாதமே அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

எங்கள் குடும்பத்தில் யாரையும் யாரும் நீக்கியதில்லை. அடுத்த கம்பெனி நேர்காணலுக்குக் கிளம்பியவளிடம் சொன்னேன்: "நீயா விலகினேன்னு சொல்லு. ஸ்பேனர் கதைய எடுக்காதே. என் மானம் உன் வாயில இருக்கு."

"பொய் சொல்லணுமாப்பா?"

"அப்பா சொல்றேன்ல?"

மாலையில் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"என்ன, கப்பல் கவிழ்ந்துடுச்சா?" என்றேன்.

"அங்க பெரிய அதிகாரி, 'விமானத்த நிறுத்தின பொண்ணு நீதானாம்மா?'ன்னு கேட்டார்பா. நானா விலகினேன்னு முதல்லயே சொல்லிட்டேனே. அதனால நான் இல்லேன்னேன்."

"சரியாச் சொன்னே."

"'அடடா, அந்தப் பொண்ணுக்காகத்தான் இந்த வேலைய வச்சிருக்கோம்'னு ஃபைல மூடிட்டார்."

"அப்பவாவது நான்தான்னு சொல்றதுக்கென்ன?"

"சொன்னா பொய்க்காரி ஆயிடுவேனேப்பா. பொய்க்காரி கையில எவன் விமானத்தக் குடுப்பான்?"

யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழகாத வாய் எனக்கு. அவள் எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்தும்வரை முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தேன்.