புளியரை ஏற்றத்தில் எண்ணெய்ச் சூடு

சேக் மைதீனுக்குத் தன் கை மேல் நம்பிக்கை அதிகம். அதிகம் என்றால் கொஞ்ச நஞ்சமல்ல. தென்காசியில் லாரி, பஸ், ரைஸ்மில் எஞ்சின் என்று எது படுத்தாலும் அவர் பட்டறைக்குத்தான் வரும். பானெட்டைத் திறப்பதற்கு முன்பே, "சரியாப் போச்சுன்னு வச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிடுவார். சொன்னபடி சரியாகியும் விடும். அப்புறம் அந்த வாயை யார் என்ன சொல்ல முடியும்?

இலஞ்சி டாக்டர் கல்யாணசுந்தரியின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரையும் அவர்தான் பார்த்து வந்தார். எஸ்டேட் வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குக் கப்பல் ஏறும்போது விற்றுவிட்டுப் போன வண்டி. இரண்டே பேர்தான் உட்காரலாம். டாக்டரம்மா அதில் புறப்பட்டால் குற்றாலம் ரோட்டில் மாடுகள்கூடச் சத்தம் கேட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். பேசின வாய்க்கெல்லாம் காய்ச்சல் வந்தபோது அவளிடம்தான் மருந்துக்குப் போய் நின்றார்கள்.

வருகிற தை மாதம் மெட்ராஸுக்குப் பக்கத்தில் சோழவரம் பந்தயத்தில் அந்த வண்டியை ஓட்டுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். ஒரே ஒரு வில்லங்கம். விரட்டி ஓட்டினால் எஞ்சின் எண்ணெய் கொதித்துத் தண்ணீராக இளகிவிடும். ஆவணியில் புளியரை மலை ஏறும்போது அப்படித்தான் பேரிங் கருகிப்போய், வண்டியை மாடு கட்டி இழுத்துவந்தார்கள். மைதீன் எஞ்சினை இறக்கி மறுபடியும் கட்டினார். கட்டிவிட்டுச் சொன்னார்: "எண்ணெய ஆத்துறதுக்கு ஒரு கூலர் வைக்கணும்மா. வச்சிட்டா மலையென்ன, மலையாளமே போயிட்டு வரலாம்."

மதுரைப் பழைய இரும்புக் கடையில், பட்டாள வண்டியில் இருந்து கழற்றிய கூலர் ஒன்று அகப்பட்டது. ஒரு முழ நீளம், ஒரு சாண் உயரம். எண்ணெய் ஓடக் குழாய்கள். குழாய்களுக்கு நடுவே சீப்புப் பல்லைப் போல நெருக்கமாகத் தகடுகள். அந்தத் தகடுகளுக்குள் காற்று புகுந்து போனால் எண்ணெய் ஆறிவிடும். அதை முன் பம்பருக்குக் கீழே, காற்று நேராக வந்து முகத்தில் அடிக்கிற இடத்தில் பொருத்தினார்.

எஞ்சினில் இருந்து எண்ணெய் போக ஒரு ரப்பர் ஹோஸ், ஆறித் திரும்பி வர ஒரு ஹோஸ். இந்த இரண்டையும் எந்த வழியாகக் கொண்டுபோவது என்பதில்தான் சண்டை வந்தது. டாக்டரம்மாவின் சிநேகிதி மெட்ராஸில் இருந்து தனகோபால் என்ற மெக்கானிக்கை அனுப்பிவைத்திருந்தாள். பந்தயக் கார்களில் பழகின ஆள். சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு கிடையாது.

"இப்படி வலது பக்கமா வுட்டா தூரம் கம்மி. எதுக்குப்பா ஊரைச் சுத்தறே?" என்றான் தனகோபால்.

"வலது பக்கம் சைலன்சர் குழாய் கொள்ளிக்கட்டையாக் கெடக்கு. ஆறின எண்ணெய அடுப்புக்குப் பக்கத்துல கூட்டிட்டு வாறதுக்கு எதுக்கு ஒரு கூலர்?" என்றார் மைதீன். "சுத்தி வந்தாலும் சுடாம வரணும்வே."

இடது பக்கமாகச் சேஸ் சட்டத்தை ஒட்டியே கொண்டுபோனார். தகட்டைத் துளைத்துப் போகிற இடத்தில் ஹோஸ் அறுபடாமல் ரப்பர் வளையம் போட்டார். எஞ்சின் குலுங்கினால் இழுபடாமல் இருக்கக் கொஞ்சம் தொய்வு விட்டார். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்துப் பார்த்து, சக்கரம் உரசவில்லை என்று தெரிந்த பிறகே கிளிப்பை முடுக்கினார். எண்ணெய்ச் சூடு காட்ட, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு மீட்டரும் வைத்தார். அதில் இருநூற்று ஐம்பது பாரன்ஹீட்டில் சிவப்புக் கோடு.

கல்யாணசுந்தரி இரண்டு பேரையும் நிறுத்திவைத்துச் சொன்னாள்: "விஜயதசமி அன்னைக்குப் புளியரையில இருந்து மலை மேல கோட்டைவாசல் வரைக்கும் நிக்காம ஏறுவேன். முள்ளு செவப்பத் தொடலைன்னா மைதீன் அண்ணாச்சிதான் எங்கூடச் சோழவரம் வாறாரு. தொட்டுதுன்னா வண்டி தனகோபாலோட மெட்ராஸுக்குப் போவுது. யாரும் மொகத்தத் தூக்கக் கூடாது."

மைதீன் சிரித்தார். ஆனால் அன்று வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை. இருபது வருஷமாக லாரிக்கு அடியில் படுத்துக் கிடந்தவருக்கு, தான் கட்டிய எஞ்சின் பந்தயத்தில் ஓடுவதை ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்று அவ்வளவு ஆசை. மனைவி ஹைருன் பீவியிடம்கூட அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? பொட்டல்புதூர் பள்ளிவாசலுக்குப் போய்ச் சந்தனம் வாங்கி, ஒரு தகர டப்பியில் போட்டுக் கொடுத்தாள்.

ஆயுத பூஜை அன்று வண்டி பட்டறையில்தான் நின்றது. கல்யாணசுந்தரி ஒரு கிண்ணம் நிறையச் சந்தனம் அரைத்துக் கொண்டுவந்தாள். சக்கரத்துக்கு, விளக்குக்கு, ஸ்பேனருக்கு என்று பொட்டு வைத்தவள் கூலர் முன்னால் வந்து குனிந்தாள்.

"புது மாப்பிள்ளைக்கு ஒரு பொட்டு போதுமா அண்ணாச்சி?"

"என்னம்மா இப்பிடிக் கேட்டுட்டீய! மொகம் பூராப் பூசுங்க. நாளைக்கு ஊரே பாக்கப்போவுது," என்றார் மைதீன், பெரிய மனசோடு.

அவள் கை நிறைய அள்ளிப் பூசி, நடுவில் குங்குமம் வைத்தாள். மைதீனும் டப்பியில் இருந்து வழித்து அதன் மேலேயே தடவினார். மிச்சத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கூலர் மஞ்சள் மஞ்சேல் என்று மணத்துக்கொண்டு நின்றது. எல்லாருக்கும் சந்தோஷம்.

மறுநாள் காலையில் மாலையையும் எலுமிச்சம்பழத்தையும் கழற்றிவிட்டுப் புறப்பட்டார்கள். டாக்டரம்மா ஸ்டியரிங்கில், மைதீன் பக்கத்தில், தனகோபால் பின்னால் ஜீப்பில். செங்கோட்டை தாண்டிப் புளியரை வந்ததும் அவள் முடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மிதித்தாள். அடேயப்பா, அது என்ன மிதி! முதல் வளைவில் முள் இருநூறு. இரண்டாவதில் இருநூற்று இருபது. மைதீன் வளைவைப் பார்க்கவில்லை, பள்ளத்தைப் பார்க்கவில்லை, முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். இருநூற்று நாற்பது.

"நிறுத்துங்கம்மா," என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்குள் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அவள் ஓரம்கட்டினாள். "இன்னும் செவப்பத் தொடலியே அண்ணாச்சி."

"தொட்டுரும். மறுபடியும் பேரிங் கருகணுமா? நான் தோத்தாலும் பரவால்ல, எஞ்சின் தோக்கக் கூடாது."

ஜீப் வந்து நின்றது. தனகோபால் குதித்து இறங்கினான். "நான் அன்னிக்கே சொன்னேன். ஹோஸு நீளம். எண்ணெய் போய்ச் சேராம வழியிலயே நின்னுடுது."

மைதீனுக்கே சந்தேகம் வந்துவிட்டது, அதுதான் கொடுமை. இருபது வருஷத்தில் முதல் தடவையாகத் தன் கையைத் தானே நம்பாமல் நின்றார். சட்டையைக் கழற்றி ஜீப்பில் போட்டுவிட்டு, வண்டிக்கு அடியில் ஊர்ந்து போனார். போகிற ஹோஸைத் தொட்டார், சுட்டது. வருகிற ஹோஸைத் தொட்டார். அதுவும் அதே சூடு சுட்டது.

"எண்ணெய் நிக்கலவே!" அடியில் இருந்தே கத்தினார். "ஓடத்தான் செய்யுது. வேணும்னா நீரே தொட்டுப் பாரும். வாற ஹோஸும் கொதிக்கு. போனது அப்படியே ஆறாமத் திரும்பி வருது. வழி சரி, காத்துதான் இல்ல."

காற்று ஏன் இல்லை? பம்பருக்குப் பின்னால் படுத்தபடியே கூலரை அண்ணாந்து பார்த்தார். தகடுகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும். ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. முன்னால் வந்து பார்த்தார். நேற்றுப் பூசிய சந்தனம் காய்ந்து, வெயில் கண்ட களிமண்ணாக இறுகி, ஒவ்வொரு இடுக்கையும் அடைத்துக்கொண்டிருந்தது. அதன் மேல் பள்ளிவாசல் சந்தனம் வேறு.

மைதீனுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. சந்தனத்தை வைத்தது டாக்டரம்மா என்று சொல்லிவிட்டால் ஆயிற்று. ஆனால் மொகம் பூராப் பூசச் சொன்னது யார்?

"தப்பு எம்மேலதாம்மா," என்றார். "நீங்க ஒரு பொட்டோட விட்டிருப்பீய. பவுசுக்கு ஆசப்பட்டு நான்தான் மொகம் பூராப் பூசச் சொன்னேன். காத்து போற வழின்னு தெரிஞ்ச நானே காத்த அடச்சிட்டேன். தனகோபால்ட்ட சாவியக் குடுத்துருங்க."

தனகோபால் குனிந்து ஹோஸ் இரண்டையும் தொட்டுப் பார்த்துவிட்டு, விரலை உதறிக்கொண்டே நிமிர்ந்தான். டாக்டரம்மா அவனைப் பார்த்தாள்.

"மெய்தாம்மா," என்றான். "ஹோஸு போட்ட வழியில குத்தமில்ல."

"முள்ளு செவப்பத் தொடல. பந்தயம் இன்னும் முடியல," என்று சொல்லிக்கொண்டே அவள் சேலையை இழுத்துச் செருகினாள். "கழுவுங்க அண்ணாச்சி."

"பூஜை போட்ட சந்தனம்மா..."

"சாமி கோவிச்சுக்கிடாது. எஞ்சின்தான் கோவிச்சுக்கிடும்."

ரோட்டோர ஓடையில் தண்ணீர் மொண்டு வந்தார்கள். கூலர் ஆறும் வரை பொறுத்திருந்து, தேங்காய் நாரால் மைதீன் தேய்க்க, டாக்டரம்மா ஊற்ற, மெட்ராஸ் சட்டை நனைந்தாலும் பரவாயில்லை என்று தனகோபால் குச்சியால் இடுக்கு இடுக்காக நோண்டினான். மஞ்சள் தண்ணீர் ரோட்டில் ஓடியது. மைதீன் மறுபடி அடியில் படுத்துப் பார்த்தார். தகடுகளுக்கு நடுவே மரமும் வானமும் தெரிந்தன.

அடிவாரத்துக்கு இறங்கி, முதலில் இருந்து ஏறினார்கள். அவள் முன்னைவிட மோசமாக மிதித்தாள். முள் இருநூறுக்கு வந்தது. அதைத் தாண்டி ஒரு மயிரிழை போனது. பிறகு இறங்கி நூற்றுத் தொண்ணூற்றைந்தில் நின்றது. கோட்டைவாசல் வரைக்கும் அசையவில்லை. மைதீன் அப்போதுதான் முள்ளை விட்டுவிட்டு மலையைப் பார்த்தார். "போவுது பாருங்க! போவுது பாருங்க!" என்று சின்னப் பிள்ளையாகக் கத்தினார்.

மேலே வண்டியை நிறுத்தியதும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்னாலேயே வந்து சேர்ந்த தனகோபால் சட்டையை எடுத்து நீட்டினான். அதன் பையில் இருந்து தகர டப்பி கீழே விழுந்து உருண்டது. கல்யாணசுந்தரி எடுத்துத் திறந்தாள். ஒரு விரலுக்குக் காணும் அளவு சந்தனம் மிச்சம் இருந்தது.

"சோழவரம் போற வண்டிக்கு இத எங்க வைக்கட்டும் அண்ணாச்சி?"

மைதீன் வண்டியை முன்னும் பின்னுமாக ஒருதரம் பார்த்தார். பிறகு எண்ணெய்க் கறை படிந்த தன் கையை அவள் முன்னால் நீட்டினார்.

"இதுல வைங்கம்மா," என்றார்.