அட்டைக்குப் போகாத பசை

வேலை மாமனாரின் பட்டறையில், குடித்தனம் மாமனாரின் வீட்டில். வீட்டோடு மாப்பிள்ளையாக இருப்பதில் ஒரு வசதி உண்டு. திட்டு வாங்க இரண்டு இடம் அலைய வேண்டாம்; பட்டறையில் ஆரம்பிப்பது சாப்பாட்டு மேசையில் முடியும்.

அன்று மாப்பிள்ளையிடம் வந்திருந்தது, பின்பக்கம் இடிபட்ட ஒரு கார். வெல்டிங் வைக்காமல், புதுத் தகட்டைப் பசையால் ஒட்டுகிற வேலை. ஒரு குழலில் கறுப்பு, இன்னொன்றில் வெள்ளை. பசை பிதுக்கும் கன்னை அழுத்தினால் இரண்டும் அதன் மூக்குக்குள் கலந்து சாம்பல் நிறமாக வர வேண்டும். முதலில் வருவது சரியாகக் கலந்திருக்காது. அதை ஓர் அட்டையில் பிதுக்கித் தள்ளிவிட்டுத்தான் தகட்டுக்குப் போவான்.

அட்டையை எடுத்ததும் முதுகுக்குப் பின்னால் மாமனாரின் குரல் கேட்டது.

“அட்டையை எங்க ஒட்டப் போறீங்க மாப்ளே? வண்டியில வைங்க.”

அட்டையைக் கீழே போட்டான். நேராக வண்டியிலேயே வைத்து, தகட்டைப் பொருத்தி, கிளாம்ப் போட்டு இறுக்கினான்.

மறுநாள் கிளாம்பைக் கழற்றிப் பார்த்தான். ஓரத்தில் பிதுங்கிய பசை எங்கும் கல்லாக இறுகியிருந்தது. முதலில் வைத்த இடத்தில் மட்டும், ஒரு சாண் நீளத்துக்கு, வெள்ளையாக நகம் இறங்கும் பதத்தில் கிடந்தது.

“பிரிச்சுட்டு மறுபடி ஒட்டணும் மாமா.”

“மத்த இடமெல்லாம் நல்லாத்தானே புடிச்சிருக்கு?”

நன்றாகப் பிடித்ததுதான் வம்பு. பிரித்தால் தகடு உருப்படாது, இன்னொரு புதுத் தகடு வேண்டும்.

“மேல பட்டி போட்டு பெயிண்ட் அடிங்க. யாருக்குத் தெரியப் போகுது?”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொன்னார். மறைத்தான். மனைவியிடம் சொல்லி அழலாம் என்றால், அவள் அப்பாவாயிற்றே. இன்னொரு முறை இடிபட்டால் அந்தச் சாணில்தான் தகடு வாய் பிளக்கும் என்பது மட்டும் அவனைத் தூங்கவிடவில்லை.

பெயிண்ட் காய்ந்ததும் வண்டிக்காரம்மா சின்ன மகளோடு வந்தார்.

“இடிபட்ட இடமே தெரியலையே.”

“எல்லாம் நம்ம மாப்பிள்ளை கைவேலைம்மா,” என்று மாமனார் சாவியை நீட்டினார். குழந்தை அதற்குள் பின்சீட்டில் ஏறி, அந்தத் தகட்டின் பக்கமே சாய்ந்து உட்கார்ந்துகொண்டது.

“சாவியைக் குடுக்காதீங்க மாமா.” சொன்னது தான்தானா என்று அவனுக்கே சந்தேகம். “வண்டி இன்னும் முடியலைம்மா. உள்ள ஒரு இடத்துல பசை இறுகலை. பிரிச்சு ஒட்டணும். என் தப்புதான்.”

அந்தம்மா வண்டியை விட்டுவிட்டுக் குழந்தையோடு தெருமுனை திரும்பும்வரை மாமனார் சிரித்த முகமாகவே நின்றார். அதன்பிறகு பொழுது சாயும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஷட்டரை இழுத்துப் பூட்டினான். பஸ்ஸில் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தான். அந்த பஸ்ஸும் அதே வீட்டுக்குத்தான் போகும்.

மாமனார் தன் காரை ஸ்டார்ட் செய்து, பக்கத்துக் கதவை உள்ளிருந்தே தள்ளித் திறந்தார்.

“ஏறு.”

ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.