ஒருநாள் இருந்தாலும்

டென்மார்க்கில் கோல்டிங் நகரின் ஓரத்தில் இருந்த அந்தச் சரக்குக் களஞ்சியத்தில் வெளிநாட்டு லொறிகளின் பதிவு நேசமலரின் பொறுப்பு. எப்போது எல்லையைக் கடந்தது, டென்மார்க்குக்குள் எங்கெங்கே ஏற்றி இறக்கியது என்று சாரதி எழுதிக் கையெழுத்து வைக்காமல் லொறி உள்ளே போக முடியாது. 2009 மே மாதத்தில், அந்தத் திங்கட்கிழமை மத்தியானம், ஒரு போலந்துச் சாரதி அவளுக்கு முன்னால் வியர்த்துக்கொண்டிருந்தான். ஓகூஸ் நகரில் அனுமதிக்கு மேலாக ஒரு நடை ஏற்றியிருந்தான். எழுதினால் வேலை போய்விடுமோ என்று பயந்தான். உள்ளதை எழுது, ஒளித்தால்தான் பிழை என்று டேனிஷும் ஆங்கிலமும் கலந்து சொன்னாள். ஆறு வருடமாக எல்லாருக்கும் அதைத்தான் சொல்கிறாள். மனம் அங்கே இல்லை. வன்னியில் சண்டை முடிந்ததென்று காலையில் செய்தி. தம்பி செல்வராஜாவிடமிருந்து முப்பத்தாறு நாட்களாக ஒரு சொல்லும் இல்லை.

அப்போதுதான் போன் அடித்தது. தம்பியின் மனைவி மேரிகிறேஸ். குடும்பத்தோடு உயிர் தப்பி ஓமந்தைச் சோதனைச் சாவடிக்கு வந்துவிட்டார்களாம். பஸ் சாரதி ஒருவன் இரண்டு நிமிடத்துக்குப் போனைத் தந்திருக்கிறான். நேசமலருக்கு அழ நேரம் இருக்கவில்லை.

"மச்சாள், இயக்கத்தில ஒருநாள் இருந்தாலும் வந்து பதியட்டாம், ஆமி சொல்லுது. பதிஞ்சால் விட்டுடுவினமாம். இவரை இயக்கக்காரர் பிடிச்சுக்கொண்டு போய்ப் பத்து நாள் பங்கர் வெட்ட விட்டவங்கள். பதியிறதோ, பேசாமல் இருக்கிறதோ எண்டு உங்களைக் கேக்கச் சொல்லுறார்."

"காட்டிக்குடுக்க ஆரும் நிக்கினமோ?"

"முகத்தை மூடிக்கொண்டு ரெண்டு பேர் நிக்கினம்."

தாயில்லாத தம்பியை வளர்த்தவள் அவள்தான். அவள் சொன்னால் செய்வான். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. அவர்களாகப் பிடித்தால் என்ன செய்வார்கள்? தானாகப் போய் நின்றால்?

"பதியச் சொல்லும், மேரி," என்றாள். "உள்ளதைச் சொல்லட்டும். ஒளிச்சால்தான் பிழை."

தொடர்பு அறுந்தது. தன் வாய் என்ன சொன்னதென்று அதன் பிறகுதான் அவளுக்குக் கேட்டது. உடனே திருப்பி எடுத்தாள். மணி போகவில்லை. போலந்துக்காரன் எல்லாவற்றையும், ஓகூஸ் நடையையும் சேர்த்து, எழுதி நீட்டினான். அவன் முகத்தைப் பாராமல் முத்திரை குத்திவிட்டு வெளியே ஓடினாள்.

பன்னிரண்டாம் தரம் பஸ் சாரதி எடுத்தான். உடைந்த தமிழ்.

"பேர் குடுத்த ஆள் எல்லாம் வேற பஸ், அக்கா. அது போச்சு."

எங்கே என்று கேட்டாள். அவனுக்குத் தெரியாது. மனைவி பிள்ளைகள் தன் பஸ்ஸில்தான் இருக்கிறார்கள், இப்போது கதைக்க விடமாட்டார்கள் என்றான். பிறகு போனை நிறுத்த மறந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டான் போலும். துணி உரசியது. எஞ்சின் உறுமி, கியர் மாறியது. ஏதோ ஒரு குழந்தை தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தது. நேசமலர் மூச்சை அடக்கி, போனைக் காதோடு அழுத்தியபடி, லொறிகளுக்கு நடுவே நின்றாள்.