பின்னால் இருக்கும் சுவர்

நான் வேலை பார்ப்பது பீங்கான் சாமான் கடையில். இணையத்திலும் விற்கலாம் என்று முடிவான அன்று, "உனக்குத்தான் கை நடுங்காது, நீயே படம் எடு" என்று முதலாளியம்மா ஒரு பழைய கேமராவை என் தலையில் கட்டிவிட்டார். கேமராவைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு அதைவிடக் குறைவாகத் தெரியும்.

முதல் வாரப் படங்களில் கோப்பையின் முன்விளிம்பு பளிச்சென்று இருந்தது. பின்னால் இருந்த கைப்பிடி பஞ்சாகக் கரைந்திருந்தது. எனக்கு அது அழகாகவே பட்டது. முதலாளியம்மா திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"கைப்பிடி எங்கம்மா?"

"இருக்கு மேடம். மங்கலா இருக்கு."

"மங்கலா இருந்தா உடைஞ்சதை மறைக்கிறோம்னு நினைப்பாங்க. எனக்கு எல்லாம் தெரியணும்."

லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையைச் சுருக்கினால் முன்னால் பின்னால் எல்லாமே தெளிவாகும் என்று படித்தேன். துளைக்கு எண் உண்டு. சின்னத் துளைக்குச் சின்ன எண்தானே என்று இரண்டில் வைத்தேன். கைப்பிடியோடு பாதிக் கோப்பையும் காணாமல் போனது. விஷயம் தலைகீழ். எண் ஏற ஏறத் துளை சுருங்குமாம். இப்படி எண் வைத்த புண்ணியவான் என் கையில் கிடைத்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்பேன். பதினாறில் வைத்ததும் படம் இருண்டது. வெளிச்சத்துக்காக ஷட்டரை மெதுவாக்கினால் கை ஆடியது, நடுங்காத கை என்ற பேரும் போனது. கேமராவை ஸ்டூலில் உட்காரவைத்து, முன்விளிம்பில் ஃபோகஸ் வைக்காமல் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தபோதுதான் கைப்பிடி வரை பிடிபட்டது. அதற்கே ஒரு மாதம் ஆனது.

கடையில் பதினாறு. வீட்டில் மட்டும் நான் இரண்டை விட்டு அசையவில்லை.

என் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் ஃபிட்டர். ஒன்பது மாத ஒப்பந்தம் என்று போனவர், ஒருமுறை நீட்டித்து, பதினேழு மாதமாகக் கடலில் இருக்கிறார். துறைமுகத்தில் சிக்னல் கிடைக்கும்போது மகளின் படங்களை இறக்கிக்கொள்வார். மகளுக்கு ஐந்து வயது. வீட்டில் அவளுக்கு வாலு என்று பேர், காரணப் பெயர்தான். விடுமுறை நாளில் கேமராவைக் கடன் வாங்கிவந்து அவளை எடுத்து அனுப்புவேன். இமை முடியை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. அவளுக்குப் பின்னால் எல்லாம் மூட்டம்.

ஒரு திங்கட்கிழமை அவர் கூப்பிட்டார்.

"வீடு மாத்திட்டீங்களா?"

"இல்லையே. ஏன்?"

"பின்னால ஒண்ணுமே தெரியல. எந்த ரூம்னே புரியல எனக்கு."

"அதுதாங்க அழகு. ஆள் மட்டும் எடுப்பா தெரியும்."

"ம். அழகாத்தான் இருக்கு." உடனே பேச்சை மாற்றினார். "இன்னும் ஒன்பது மாசம் இருக்கச் சொல்றாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்து போடணும். நீ என்ன சொல்ற?"

"உங்க இஷ்டம்," என்றேன்.

சொன்ன வாயைத் தைத்துவிடலாம் போல இருந்தது. அவர் வர வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டும். ஆனால் அவர் கிளம்பிய அன்று, "நாங்க சமாளிச்சுப்போம், நீங்க கவலைப்படாதீங்க" என்று வீராப்பாகச் சொன்னவள் நான். அந்த வீராப்பைக் காப்பாற்றத்தான் மூட்டமே. வாலுவுக்குப் பின்னால் இருக்கும் சுவரில் அவர் கழற்றிப் போட்ட நீலச் சட்டை அப்படியே தொங்குகிறது. துவைக்கவில்லை. அதன் கீழே அவர் செருப்பு, ஒன்று நேராக, ஒன்று கவிழ்ந்து, அவர் விட்டபடியே கிடக்கிறது. பெருக்கும்போதுகூட அதைச் சுற்றித்தான் பெருக்குகிறேன். இதைப் பார்த்தால் நான் சமாளிக்கும் லட்சணம் தெரிந்துவிடாதா?

செவ்வாயும் புதனும் மனதோடு மல்லுக்கட்டினேன். புதன் மாலையே கேமராவைக் கடன் வாங்கிவந்து, வியாழன் காலை அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு எல்லா ஜன்னலையும் திறந்தேன். கேமராவை ஸ்டூலில் வைத்து, துளையைப் பதினாறுக்குச் சுருக்கினேன். மகள் மேலும் வைக்காமல், சுவரின் மேலும் வைக்காமல், இடையில் கிடந்த நாற்காலியின் முதுகில் ஃபோகஸ் வைத்தேன். அரை வினாடி ஷட்டர் திறந்திருக்க வேண்டும்.

"வாலு, சிலை மாதிரி நிக்கணும். மூச்சுகூட விடாத."

"சிலைக்கு மூக்கு அரிக்குமா அம்மா?"

"அரிக்காது. நில்லுடி."

அரை வினாடி அசையாமல் நிற்பது அவளுக்கு ஆகாத காரியம். ஏழு படம் எடுத்தேன். ஏழிலும் சட்டையின் தொங்குகிற பட்டன் நூல்வரை தெரிந்தது, கவிழ்ந்த செருப்பின் தேய்ந்த குதிகால் தெரிந்தது, மகள் மட்டும் புகையாகப் போயிருந்தாள். எட்டாவது எடுத்தால் மனசு மாறிவிடும் என்று பயந்து, கையில் இருந்ததை அனுப்பினேன். கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை. கப்பல் நகர்ந்துவிட்டது போலிருக்கிறது, படம் போய்ச் சேரவே இல்லை. வெள்ளிக்கிழமை முழுக்க ஒற்றை டிக்கைப் பார்த்துக்கொண்டே கோப்பைகளைக் காகிதத்தில் சுற்றினேன்.

சனிக்கிழமை மதியம், கடையின் பின்னறையில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே நின்றபோது அவர் கூப்பிட்டார்.

"படம் பார்த்தேன்."

"வாலு ஆடிட்டா. சரியா விழல."

"சட்டைய ஏன் துவைக்கல?"

"கை வரல."

"செருப்பு?"

"எதையும் தொடலங்க. எல்லாம் நீங்க வெச்ச இடத்துலயே இருக்கு."

எஞ்சின் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் வந்தது.

"நேத்தே கையெழுத்து போட்டுட்டேன். போட்டா போட்டதுதான், மாத்த முடியாது."

நான் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"படத்துலயும் ஒண்ணும் தெரியல. கேட்டா உங்க இஷ்டம்னுட்ட. என் சாமானெல்லாம் ஒதுக்கிட்டு, நான் இல்லாமலே பழகிட்டீங்கன்னு நினைச்சுட்டேன். ஒரு வார்த்தை, வாங்கன்னு கூப்பிட்டிருக்கக் கூடாதா நீ?"

கூப்பிட்டிருக்கலாம். கேமராவும் வேண்டாம், வெளிச்சமும் வேண்டாம், வாய் இருந்தால் போதும். பதினேழு மாதம் அதைத்தான் திறக்காமல் வைத்திருந்தேன். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து முட்டிக்கொண்டு வந்தது.

"இப்பக் கூப்பிடுறேன்."

"அதான் கையெழுத்து போட்டாச்சே."

"போட்டா என்ன? நான் கூப்பிடுறேன். வாங்க."

நான் இன்னொரு தடவை சொன்னேன்.