அவர் இப்போது இல்லை

முப்பத்துமூன்று வருடம் அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவர் அவர். ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆன பிறகும் தெருவில் எல்லோருக்கும் அவர் எக்ஸ்ரே சார்தான். அக்கம்பக்கத்தில் பாதிப் பேருடைய எலும்பைப் பார்த்தவர் என்பதால், எதிரே யார் வந்தாலும் சௌக்கியமா என்று கேட்கமாட்டார். "முழங்கால் எப்படி இருக்கு?" என்றுதான் கேட்பார்.

ஓய்வு பெற்ற அன்று, உடன் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தார்கள். பூ, பறவை, சூரிய உதயம் என்று ஏதாவது எடுப்பார் என்று நினைத்திருப்பார்கள். முதல் வாரமே பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஒற்றை ஊன்றுகோல் ஒன்று சுவரில் சாய்ந்து கிடப்பதைப் பார்த்தார். அதை விட்டுப்போனவன் குணமாகி நடந்து போனானா, இல்லை தூக்கிக்கொண்டு போனார்களா? அங்கேயே அரைமணி நேரம் நின்று அதைப் படம் எடுத்தார். அன்றிலிருந்து அதுவே வேலையாகிவிட்டது. மூன்று கால் நாற்காலி, கண்ணாடி இல்லாத கண்ணாடிச் சட்டம், யாரோ கழற்றிப் போட்ட கல்யாணக் கோட்டு. எதையும் தொடமாட்டார், நகர்த்தமாட்டார். கிடந்தது கிடந்தபடி எடுப்பார். வீட்டுக்கு வந்து நோட்டில் தேதி, இடம், ஒரு வரி. "நாற்காலி. நாலாவது கால் பக்கத்திலேயே கிடக்கிறது. ஆணி அடித்திருந்தால் போதும்."

"வீட்டுக் குப்பையை வெளியில கொண்டுபோய்ப் போடச் சொன்னா கால் வலிக்குதுன்னுவார். வெளியில கிடக்கிற குப்பையை வீட்டுக்குள்ள கொண்டுவர மட்டும் எட்டு கிலோமீட்டர் நடப்பார்" என்று மனைவி வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

அவர் அந்தப் படங்களை முழுக்கக் காட்டியது ஒரே ஆளுக்குத்தான். மகளுக்கு. அவள் ஐந்து மணி நேரப் பயணத் தூரத்தில் ஒரு ஓவியக் கல்லூரியில் ஆசிரியை. ஒவ்வொரு படத்தையும் நிறுத்தி நிதானமாகப் பார்ப்பாள். "இதுல வெளிச்சம் எப்படி விழுந்திருக்கு பாருங்கப்பா" என்று அவள் சொன்னால் அன்று முழுக்க அவருக்குக் கால் தரையில் படாது. வருடத்துக்கு ஒருமுறை எல்லாப் படங்களையும் ஒரு டிஸ்க்கில் போட்டு அவளுக்கு அனுப்புவார். "பத்திரமா வைம்மா. இந்தக் கம்ப்யூட்டரை நம்ப முடியாது."

பள்ளி விடுமுறைக்கு மகளும் பேத்தியும் ஐந்து நாள் வந்தார்கள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. பேத்திக்கு ஏழு வயது, முன்பல் இரண்டும் இல்லை, வாய் மட்டும் மூடுவதே இல்லை. வந்து இறங்கிய மறுநாள் காலையிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"தாத்தா, குப்பை பார்க்கப் போலாமா?"

"குப்பை இல்லைடி வாலு. விட்டுட்டுப் போன சாமான்."

"யார் விட்டுட்டுப் போனா?"

"அதுதான் தெரியாது."

"அப்ப கண்டுபிடிக்கலாம்!"

பழைய தபால் ஆபீஸ் பின்சந்தில் குழந்தைகளை வைத்துத் தள்ளும் வண்டி ஒன்று மழைத் தண்ணீர் நிரம்பிக் கிடந்தது. தண்ணீருக்குள் ஒரு துண்டு வானம் தெரிந்தது. அவர் குனிந்து கேமராவைச் சரிசெய்தார். வாய் தானாகவே பழைய வேலையைச் செய்தது. "மூச்சைப் பிடிங்க... அசையாதீங்க..."

பேத்தி கன்னம் இரண்டையும் உப்பிக்கொண்டு மூச்சைப் பிடித்தாள். அவர் வெளிச்சம் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் முகம் தக்காளியாகச் சிவந்தபோதுதான் கவனித்தார். "ஐயையோ! விடு, விடு! உனக்கு இல்லைடி, வண்டிக்குச் சொன்னேன்!"

"வண்டிக்கு மூச்சு இருக்கா?" என்று அவள் இரைத்துக்கொண்டே கேட்டாள். இருவரும் சந்தில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு சாமானுக்கும் அவள்தான் கட்டளை போட்டாள். உள்ளே ஒன்றுமில்லாத டிவி கூட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்த பூனைக்கும் சொன்னாள். பூனை மதிக்கவில்லை. படத்தில் வால் மட்டும்தான் விழுந்தது.

இத்தனை வருடத்தில் அவர் இவ்வளவு பேசியதில்லை என்று மனைவியே சொன்னாள். மகளும் சந்தோஷமாகத்தான் இருந்தாள். அப்பாவின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இந்த வருடம் எடுத்த படங்களைப் பார்த்தாள். "இதையெல்லாம் நான் ஒரு காப்பி எடுத்துக்கட்டுமாப்பா?" என்று கேட்டாள். அவர் உருகிப்போனார். "இதைக் கேக்கணுமாம்மா?"

மூன்றாம் நாள் மத்தியானம் மகளும் மனைவியும் தையல்காரரிடம் போயிருந்தார்கள். அவர் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு பழைய படங்களைக் காட்டினார். மூன்று கால் நாற்காலி வந்ததும் அவள் துள்ளினாள்.

"இது எனக்குத் தெரியும்! அம்மாவோட நாற்காலி!"

"அம்மாவோடது இல்லைடா. தாத்தா ரயில்வே கேட்கிட்ட எடுத்தது."

"இல்ல தாத்தா. அம்மா காலேஜ்ல பெரிய ஹால்ல மாட்டியிருக்கு. இவ்ளோ பெருசு! எல்லாரும் கைதட்டினாங்க. அம்மா மைக்ல பேசினாங்க."

மகள் தன் படத்தைக் கல்லூரியில் மாட்டியிருக்கிறாளா? ஒரு வார்த்தை சொல்லவில்லையே. அவருக்கு முதலில் வந்தது வெட்கம் கலந்த மகிழ்ச்சிதான். "அம்மா என்னடா பேசினாங்க?"

பேத்தி யோசித்தாள். "இது எங்க அப்பா உட்கார்ந்த நாற்காலி, அவர் இப்ப இல்லைன்னாங்க. நான் உடனே, தாத்தா ஊர்லதானே இருக்காரு, நேத்துகூட போன்ல பேசினாரேன்னு கேட்டேன். அம்மா என் கையை அழுத்திட்டாங்க. வலிச்சுது." பிறகு சட்டென்று இறங்கினாள். "புஸ்தகம் அம்மா பையில இருக்கு, காட்டட்டுமா?"

வேண்டாம் என்று அவர் சொல்வதற்குள் ஓடிப்போய் எடுத்து வந்துவிட்டாள். வழவழ காகிதத்தில் மெல்லிய புத்தகம். அட்டையில் அவருடைய ஊன்றுகோல். கீழே மகளின் பெயர். புரட்டினார். கல்யாணக் கோட்டு, கண்ணாடிச் சட்டம், நாற்காலி. ஒவ்வொன்றின் கீழும் நாலு வரி. ஊன்றுகோல் அப்பாவின் கடைசி நாட்களுக்கு உரியதாம். கோட்டு அவர் ஒரே ஒருமுறை போட்டதாம். முன்னுரையில் மகள் எழுதியிருந்தாள்: "அப்பா போன பிறகு, அவர் விட்டுச் சென்ற பொருட்களை ஒவ்வொன்றாகப் படம் எடுக்கத் தொடங்கினேன்."

அவர் அதை இரண்டு முறை படித்தார். ஆயிரக்கணக்கான பேருக்கான கெட்ட செய்தியைப் படத்தில் முதலில் பார்த்தவர் அவர். பார்த்துவிட்டு முகத்தை மாற்றாமல் அடுத்தவரைக் கூப்பிடுவதுதான் அவர் வேலையாக இருந்தது. அந்தப் பழக்கத்தில்தான், "நல்ல புஸ்தகம்டா. போய் பால்கனியில செடிக்குத் தண்ணி ஊத்து" என்றார்.

மகள் வந்ததும் மேஜைமேல் புத்தகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த துணிப்பையைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றாள்.

"அப்பா, நான் சொல்லணும்னுதான்..."

"சொல்லு."

"காலேஜ் வேலைக்கான இன்டர்வியூல உங்க படங்களைக் காட்டினேன். அப்பா எடுத்ததுன்னு சொல்றதுக்குள்ள, உங்க பார்வை ரொம்பத் தனியா இருக்குன்னு அவங்க பேச ஆரம்பிச்சுட்டாங்க. அந்த நிமிஷம் என்னால வாயைத் திறக்க முடியலை. அப்புறம் கண்காட்சின்னாங்க, புத்தகம்னாங்க. எந்த இடத்துல நிறுத்தறதுன்னே தெரியலைப்பா."

"படத்தை எடுத்துக்கிட்டே. சரி. என்னை எதுக்கும்மா கொன்னே?"

அவள் அழ ஆரம்பித்தாள். "ஏன் இந்தப் பொருட்கள்னு கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியலை."

"நோட்டுல எழுதி வச்சிருக்கேனே. என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. அந்த நாற்காலி யாரோடதுன்னு எனக்கே தெரியாது. தெரியாததுதான் அதுல விஷயமே."

"நீங்க யாருக்கும் காட்டப்போறதில்லையேப்பா. கம்ப்யூட்டர்லதானே கிடந்துச்சு. கிடக்கறதை..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"கிடக்கறதை எடுத்துக்கிட்டேங்கறியா?"

அப்போதுதான் அவருக்கு மனைவியின் ஞாபகம் வந்தது. இவ்வளவு நேரம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. எதற்கும் முந்திக்கொண்டு பேசுகிறவள், சமையலறை வாசலில் முந்தானையால் ஒரே தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

தட்டைத் துடைத்த கை நின்றது. "தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"ஒரு ஆறு மாசமா. அவ போன்ல அழுதா. வேலை நிரந்தரமாகட்டும், அப்புறம் அப்பாகிட்ட பேசிக்கலாம்னு நான்தான் சொன்னேன்."

"நான் செத்துப்போனதுமா தெரியும்?"

"அதுக்கு நான் திட்டினேங்க. நல்லாத் திட்டினேன்." மனைவி பிறகு, என்ன சொல்வதென்று தெரியாமல் சொல்லிவிட்டாள்: "இருக்கறவங்களை இல்லைன்னா ஆயுசு கூடும்பாங்க."

வேறு நாளாக இருந்தால் அவரே சிரித்திருப்பார். ஆறு மாதமாக அவருக்குச் சோறு போட்டு, குப்பைப் படம் என்று கிண்டல் செய்து, எதிரே உட்கார்ந்து டிவி பார்த்த மனுஷி. மகள் செய்தது நெஞ்சில் குத்தியது. இவள் செய்தது எங்கே குத்தியது என்றே அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை பேத்தி செருப்போடு வாசலில் நின்றாள். போகாமல் இருக்கலாம் என்றுதான் எழுந்தார். ஆனால் அவள் என்ன செய்தாள், பாவம். கூட்டிக்கொண்டு போனார். அன்று கேமராவை அவள் கையில் கொடுத்துவிட்டார். அவள் உடைந்த குடை ஒன்றை எடுத்தாள், கூடவே தன் கட்டைவிரலையும் சேர்த்து. "நல்லா இருக்கா தாத்தா?" "நல்லா இருக்குடி தங்கம்." திரும்பி வரும் வழியில் அவள் ஒரு கேள்வி கேட்டாள்: "நேத்து ஏன் எல்லாரும் அழுதீங்க?" அவர், "வெங்காயம்" என்றார். அவள் நம்பவில்லை, ஆனாலும் அவர் விரலை விடாமல் நடந்தாள்.

ஐந்தாம் நாள் புறப்படும்போது மகள் தானாகவே பையிலிருந்து காப்பி எடுத்த டிஸ்க்கை எடுத்து மேஜையில் வைத்தாள். அவர் சொன்னார்: "எனக்குப் பேரும் வேண்டாம், புகழும் வேண்டாம். ஒரு மாசம் தர்றேன். எங்கப்பா உயிரோட இருக்கார், இது அவர் எடுத்ததுன்னு உன் வாயால சொல்லிடு. எப்படிச் சொல்றேங்கறது உன் பாடு."

"சொல்லிடறேன்பா" என்றாள். காலைத் தொட்டுவிட்டுப் போனாள்.

மாதம் முடிந்தது. தொலைபேசியில் மகள் மழையைப் பற்றிப் பேசினாள், பேத்தியின் புதுப் பல்லைப் பற்றிப் பேசினாள். அதைப் பற்றி மட்டும் பேசவில்லை. ஒரு நாள் விடிந்ததும் அவர் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, மனைவியிடம் ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறினார்.

கல்லூரி ஹால் குளிர்ச்சியாக இருந்தது. அவருடைய நாற்காலி ஆள் உயரத்துக்குச் சுவரில் நின்றது. அவ்வளவு பெரிதாக அவர் அதைப் பார்த்ததே இல்லை. கீழே கிடந்த நாலாவது காலில் ஆணித்துளை வரை தெரிந்தது. ஏழு வருட உழைப்பு. நான்தான் எடுத்தேன் என்று பக்கத்தில் நின்ற காவலாளியிடமாவது சொல்லவேண்டும் போல் இருந்தது. சொல்லவில்லை. மகளுக்கு இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்று நினைத்தார்.

பத்துப் பதினைந்து மாணவர்களோடு மகள் உள்ளே வந்தாள். கூடவே தலை நரைத்த ஒரு அம்மாள், துறைத்தலைவி போல. மகள் அவரைப் பார்த்துவிட்டாள். பேசிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் நின்றது. துறைத்தலைவி திரும்பி, "யார் இவங்க? உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" என்று கேட்டார்.

அவர் மகளையே பார்த்தார். அவள் நெஞ்சுக்கூட்டுக்குள் இருப்பதெல்லாம் அவருக்குத் தெரிகிற மாதிரி இருந்தது. சொல்லத்தான் போகிறாள். உதடு பிரிந்துவிட்டது.

"எங்க ஊர்க்காரர் மேடம்" என்றாள். "அப்பாவோட ஆஸ்பத்திரியில வேலை பார்த்தவர்."

"ஓ! அப்ப இவங்க அப்பாவை உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்குமே?" என்று துறைத்தலைவி அவரிடம் கனிவாகக் கேட்டார்.

ஒரே வாக்கியம் போதும். இத்தனை பேர் முன்னால் மகளின் வேலை, மானம் எல்லாம் தரைமட்டம். அந்த வாக்கியம் அவர் தொண்டை வரை வந்தது. மகளின் கை துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் பரீட்சைத் தாளை மறைத்து வைத்துக்கொண்டு நின்றபோதும் இப்படித்தான் முறுக்குவாள்.

"தெரியும்" என்றார். "நல்ல மனுஷர். ஆளைச் சுலபமா நம்பிடுவார்."

வெளியே வந்து பஸ் நிலையம் வரை நடந்தார். மகள் பின்னால் ஓடி வருவாள் என்று இரண்டு இடத்தில் நின்று பார்த்தார். வரவில்லை.

அவர் கல்லூரிக்குப் புகார்க் கடிதம் எதுவும் எழுதவில்லை. மனைவியோடு மூன்று வாரம் பேசவில்லை, பிறகு உப்பு எங்கே என்று கேட்கவேண்டி வந்தது, அப்படியே கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது. ஆனால் எதையாவது மனதிலிருந்து சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், இதையும் இவள் போனில் சொல்வாளோ என்று ஒரு கணம் தயங்கினார். அந்தத் தயக்கம் முன்பு அவரிடம் இருந்ததில்லை. கம்ப்யூட்டருக்கு ஒரு கடவுச்சொல் போட்டார். அது என்ன என்று மனைவி கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பேத்தி மட்டும் கூப்பிடுவாள். பள்ளிக்கூட வாசலில் ஒற்றைக் கையுறை கிடந்தது, பஸ்ஸில் யாரோ கணக்கு நோட்டை விட்டுப்போனார்கள் என்று வாரம் முழுக்கச் சேர்த்துவைத்த சேதியெல்லாம் கொட்டுவாள். அவர் ஒவ்வொன்றையும் விசாரிப்பார். எந்தக் கை, வலதா இடதா, என்ன நிறம். அரைமணி நேரம் போவதே தெரியாது.

கடைசியில் அவள் எப்போதும் ஒரே கேள்வியைக் கேட்பாள். "தாத்தா, அம்மா பக்கத்துலதான் நிக்கறாங்க. போனைக் குடுக்கட்டுமா?"

"இன்னிக்கு வேண்டாம்டா" என்பார் அவர்.