ஐந்து கிலோ மாவும் கறுப்புத் தாளும்

கிளினிக்கில் இருந்த எடை மெஷின் பொய் சொல்கிறது என்று வாட்ச்மேன் முடிவே கட்டிவிட்டார். ஆயுசு முழுக்க குடோன் வாசலில் ராக்காவல் காத்தவர். மனுஷனையே நம்பிப் பழக்கமில்லை, மெஷினையா நம்பப் போகிறார்?

"இப்படி மளமளன்னு ஏறினா எப்படிம்மா? அடுத்த தடவையும் இதே கதைன்னா பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்துத்தான் பார்க்கணும்" என்று போன மாதம் நர்ஸ் சொல்லிவிட்டாள். பிள்ளைத்தாய்ச்சி மகள் வீட்டுக்கு வந்து அழுத அழுகையில் கிழவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அதனால்தான் இந்த மாதம் அவரும் கூடவே கிளம்பினார். மருமகன் வேலை பார்க்கும் பேக்கரியிலிருந்து வாங்கிய ஐந்து கிலோ மாவுப் பை, சீல் உடைக்காமல், தோளில் இருந்தது.

"அப்பா, மானத்தை வாங்காதீங்க."

"நீ சும்மா வா. அந்த மெஷினோட வண்டவாளம் இன்னிக்குத் தெரிஞ்சிடும்."

நர்ஸ் தடுப்பதற்குள் பையை மெஷின்மேல் வைத்துவிட்டார். முள் ஆடி அசைந்து ஐந்தில் போய் நின்றது. மயிரிழைகூடப் பிசகவில்லை.

"திருப்தியா பெரியவரே?"

"மாவுக்குச் சரியாத்தான் காட்டுது" என்று முனகிக்கொண்டே பையை எடுத்துக்கொண்டார்.

மகள் ஏறினாள். முள் மறுபடியும் எகிறியது. அவள் கண் கலங்குவதைப் பார்த்துவிட்டு நர்ஸ் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"காலையில எப்ப எந்திரிக்கிற?"

"மத்தியானம் ஆயிடுதுக்கா. விடிஞ்சதே தெரிய மாட்டேங்குது. ராத்திரிதான் பொட்டுத் தூக்கம் வராது. பசி பிடுங்கும். எதையாவது கொறிச்சுக்கிட்டே கிடப்பேன்."

"வெளிச்சம் வராத ரூமா?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா மாவுப் பையைப் பார்த்தார்.

அது அவருடைய அறை. பகலில் தூங்குகிறவர் என்பதால் ஜன்னல் கண்ணாடி முழுக்கக் கறுப்புத் தாளைப் பசை போட்டு ஒட்டி வைத்திருந்தார். மருமகன் விடியுமுன் அலாரம் அலற எழுந்து பேக்கரிக்கு ஓடுகிறவன். மகள் தூக்கம் கெடக்கூடாதே என்று அந்த அறையை அவளுக்குக் கொடுத்துவிட்டு, வெயில் அடிக்கும் முன்னறையில் போய்ப் படுத்தார். பாசத்தில் செய்ததுதான். அதுவே காலை வாரிவிட்டது.

"உடம்புக்குள்ளயும் ஒரு கடிகாரம் ஓடுதும்மா" என்றாள் நர்ஸ். "காலை வெளிச்சம்தான் அதுக்குச் சாவி. தூக்கம் தாறுமாறானா பசியும் தாறுமாறாகும். எடைக்கு இது மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன், இதுவும் ஒண்ணா இருக்கலாம். நேரத்தோட தூங்கி எந்திரி. இன்னும் ஒரு மாசம் பார்க்கலாமான்னு டாக்டரைக் கேக்குறேன்."

"நான் காலமெல்லாம் பகல்லதான் தூங்குறேன். எனக்கென்ன கேடு வந்துச்சு?"

"நீங்க புள்ள சுமக்கலையே!"

மகள் அழுகையை மறந்து சிரித்துவிட்டாள். உள்ளே போய் வந்த நர்ஸ், டாக்டர் சரி சொல்லிவிட்டதாகச் சொன்னாள்.

வழியெல்லாம் கிழவர் பொருமிக்கொண்டே வந்தார். "கடிகாரமாம், சாவியாம். யார் காதுல பூ சுத்துறா!" வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் கத்தியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். தாள் வரட்டு வரட்டென்று உரிந்தது.

"என்னப்பா பண்றீங்க?"

"ஒட்டடை அடிக்கிறேன்."

"புள்ள பொறந்தப்புறம் இது மறுபடி உங்க ரூம்தானே. அப்ப எங்க தூங்குவீங்க?"

"குடோன்ல தூங்கிக்கிறேன்."

"திருடன் வந்தா?"

"அவனும் ஒரு ஓரமாப் படுக்கட்டும்."

மறுநாளிலிருந்து வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்தது. முதல் வாரம் அப்பனையும் ஜன்னலையும் சேர்த்தே திட்டினாள். பிறகு தானாகவே விழிப்பு வந்தது. இரவில் கண் அசந்தது, கொறிப்பதும் குறைந்தது.

அடுத்த மாதம் முள் கொஞ்சம்தான் நகர்ந்தது. "இது போதும். ஆஸ்பத்திரிப் பேச்சே வேணாம்" என்றாள் நர்ஸ். கிழவர் குனிந்து தன் கண்ணால் பார்த்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"மெஷினை ரிப்பேர் பண்ணிட்டீங்க போல."

மறுநாள் காலை காவல் முடிந்து வந்தபோது முன்னறை இருட்டிக் கிடந்தது. ஜன்னலில் கெட்டிப் போர்வை ஒன்று ஆணியடித்துத் தொங்கியது. சுத்தியலும் மேடிட்ட வயிறுமாக மகள் நின்றாள்.

"என்னடி இது?"

"பேசாமப் படுங்கப்பா. எங்களுக்கு விடிஞ்சாச்சு, உங்களுக்கு இன்னும் விடியல."

படுத்தார். ஆனால் சந்தேகப் பிராணியாயிற்றே! எழுந்துபோய் அவள் அறையில் வெயில் விழுகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் கண்ணை மூடினார்.